கடைசிப் பருவத்தில் எந்த வார்டைக் கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி, அவற்றில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பெண்கள் மருத்துவ வார்டின் பொறுப்புச் சிஸ்டராகக் கழித்து ஓய்வுபெற்றவள் நான். பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கும் என் பேத்தி, கல்லூரியில் கொடுத்ததாக ஒரு தாளைச் சென்ற வாரம் கொண்டுவந்து காட்டினாள். இறுதிப் பருவப் பயிற்சியில் எந்தப் பிரிவில் நிற்க விருப்பம் என்பதை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டுமாம். இப்படி விருப்பம் கேட்கும் கல்லூரிகளே குறைவு என்பதால் அந்தக் கல்லூரியை முதலில் பாராட்டுகிறேன். ஆனால் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் முதல் இடத்தில் ஐ.சி.யூ. என்றே எழுதிவிட்டார்கள் என்று அவள் சொன்னபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி எட்டாம் பருவம் முழுவதும் பயிற்சிப் பருவம். அதன் 22 வாரங்களில் சமுதாய நலத்துக்கு 4, குழந்தைகள் நலத்துக்கு 4, மனநலத்துக்கு 4, மகப்பேற்றுக்கு 4 என வாரங்கள் ஒதுக்கப்பட்டு, பெரியவர்களுக்கான பராமரிப்புக்கு மட்டும் 6 வாரங்கள் தரப்பட்டுள்ளன. ஆகவே மாணவி கையில் உண்மையில் இருக்கும் தேர்வு மிகச் சிறியது: அந்த 6 வாரங்களில் அதிக நாள் எங்கே நிற்பது, மற்ற வாரங்களை எந்த மருத்துவமனையில் கழிப்பது என்பவைதாம். சிறியது என்பதற்காக அதை யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பக்கத்தில் ஒரு சிஸ்டர் நின்று, கையைப் பிடித்துக் காட்டி, தவறினால் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு ஒரு செவிலிக்கு இதற்குப் பிறகு இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை.

ஐ.சி.யூ.வைக் கேட்பதற்குப் பிள்ளைகள் சொல்லும் காரணம் வெளிநாடு. (அங்கே ஏ.சி. இருக்கும் என்பதும் ஒரு காரணம். சித்திரை வெயிலில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.) வெளிநாட்டுக் கணக்கிலேயே ஒரு பிழை இருக்கிறது. வளைகுடா நாட்டு மருத்துவமனைகள் ஆள் எடுக்கும்போது கேட்கும் அனுபவம், படித்து முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு வேலை பார்த்த அனுபவமே தவிர, மாணவியாக நின்ற வாரங்கள் அன்று. அமெரிக்காவுக்கு எழுதும் என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு பொதுச் செவிலியத்தைச் சோதிப்பது. அதில் குழந்தையும் வரும், கர்ப்பிணியும் வருவார், மனநோயாளியும் வருவார். பிரிட்டனின் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் பார்ப்பதும் நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்பைத் திட்டமிடுவது, மருந்து கொடுப்பது, அடுத்தவரிடம் எழுதி ஒப்படைப்பது போன்ற அடிப்படை வேலைகளைத்தான். ஐ.சி.யூ.வில் உண்மையாகவே நாட்டம் உள்ளவர்கள், பட்டம் முடித்தபின் ஓராண்டுப் பட்டயமாகவோ இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பாகவோ அதைத் தனியே படிக்க வழி இருக்கிறது. அப்படி நாட்டம் உள்ள பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வென்டிலேட்டரின் அலாரம் கேட்டால் மற்றவர்கள் பின்வாங்கும்போது இவர்கள் முன்னே போவார்கள். அவர்கள் தாராளமாக அதையே எழுதட்டும். தோழி எழுதினாள் என்பதற்காக எழுதுகிறவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பொது மருத்துவ வார்டில் தலைமாட்டில் எண்களைக் காட்டும் திரை கிடையாது. எந்த நோயாளி மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்பதைச் செவிலியின் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடம் வந்த மாணவிகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது மூச்சை எண்ணுவது. மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி முடித்து, பிடித்த கையை விடாமல் அதை அப்படியே நோயாளியின் மார்பின் மேலோ வயிற்றின் மேலோ வைத்துக்கொண்டு, கண்ணை அங்கே செலுத்தி முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் வரிசையாக எல்லோருக்கும் 20 என்றே எழுதியிருக்கும். எண்ணாமல் எழுதிய இருபது அது. காலையில் 18 இருந்தவருக்கு மதியம் 26 ஆகியிருப்பதை, இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே கண்டு மருத்துவரை அழைத்த பெண், எந்த நாட்டு ஐ.சி.யூ.வுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வாள். திரையைப் பார்த்தே பழகியவள், திரை இல்லாத இடத்துக்கு வந்தால் தடுமாறுகிறாள்.

அடுத்ததாக, செட்டிநாட்டில் படிக்கிற பிள்ளைகள் மற்ற ஊர்களில் கிடைக்காத ஒரு பயிற்சியைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தவற விடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, வயதான ஆச்சியோ அய்யாவோ ஒரு துணைக்கார அம்மாவோடு தனியே இருக்கும் பெரிய வீடு ஒன்றாவது இருக்கும். நான்கு பேர் வாழ்ந்தால்கூடக் காலியாகத் தோன்றும் அந்த வீடு, எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு நோயாளிக்கு என்ன செய்யும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை. முகப்பிலிருந்து வளவு என்னும் நடு முற்றத்துக்குப் போக ஒரு நிலைப்படி, வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கு இன்னொன்று. கழிவறையோ பெரும்பாலும் பின்கட்டுக்கு அப்பால். தரையிலோ ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து, நீர் பிரியும் மாத்திரை போட்டுக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து இருட்டில் மூன்று நிலைப்படி தாண்டுகிற ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிவதில் வியப்பில்லை. மாத்திரையை மருத்துவரைக் கேட்டுக் காலையிலேயே கொடுப்பது, கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி போடுவது, வளவில் விடிவிளக்கு எரியவிடுவது ஆகிய மூன்றையும் வீட்டைப் பார்த்தவள்தான் சொல்ல முடியும்.

என் வார்டில் நடந்த ஒன்று. மயங்கிய நிலையில் ஓர் ஆச்சியைக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்தபின், துணைக்கு வந்த அம்மா மடியிலிருந்து இன்சுலின் குப்பியையும் ஊசியையும் எடுத்துக் காட்டினார். குப்பி வெளிநாட்டிலிருந்து மகன் அன்போடு கொண்டுவந்தது, ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊசி இங்கே கடையில் வாங்கியது, நம் ஊரில் வழக்கமான 40 யூனிட் குப்பிக்கு உரிய சிவப்பு மூடி சிரிஞ்சு. 20 என்ற கோடு வரை சரியாகத்தான் இழுத்திருக்கிறார். அந்த ஊசியில் அந்தக் கோடு அரை மில்லி. ஆகவே உள்ளே போனது 50 யூனிட். அந்த அம்மா மீது தவறே இல்லை. அந்த ஆச்சியை முந்தைய முறை எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது குப்பியையும் ஊசியையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும், எனக்கும்தான், தோன்றவில்லை. அன்று வார்டில் நின்ற மாணவிகள் இருவரும் அதற்குப் பிறகு இன்சுலின் ஊசி 100 யூனிட் குப்பிக்கு உரிய ஆரஞ்சு மூடியா, 40 யூனிட்டுக்கு உரிய சிவப்பு மூடியா என்று கேட்காமல் எவரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

ஆகவே என் பேத்தியிடம் சொன்னதையே மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். பிரிவின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அங்கே நிற்கும் சிஸ்டர் யார் என்று சென்ற ஆண்டு நின்றவர்களிடம் கேளுங்கள். கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறாரா, மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கவிடுகிறாரா, ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் மாணவியையும் பேசச் சொல்கிறாரா என்று விசாரியுங்கள். ஆள் பற்றாக்குறைக்கு மாணவிகளை வைத்துப் படுக்கை விரிப்பதும் மருந்துச் சீட்டைக் கொண்டு ஓடுவதுமாக 6 வாரங்களைத் தீர்த்துவிடும் பிரிவுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் போகாதீர்கள். செய்து முடித்த செய்முறைகளுக்குக் கையெழுத்து வாங்கும் லாக் புக்கைத் திறந்து, எந்தச் செய்முறையில் கையெழுத்து வாங்கியிருந்தும் மனத்தில் பயம் இருக்கிறது என்று நீங்களே பென்சிலால் குறித்துப் பாருங்கள். அந்தப் பயம் தீரும் இடம் எதுவோ அதை முதலில் எழுதுங்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சமுதாய நலத்துக்கான 4 வாரங்கள் பல இடங்களில் முகாமில் பெயர்ப் பதிவு எழுதுவதோடும் சுவரொட்டி வரைவதோடும் முடிந்துவிடுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர்கள் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கே போகிறார்கள். அவர்களோடு ஒரு வாரமாவது மாணவிகளை அனுப்புவதற்கு மாவட்டச் சுகாதார அலுவலரிடம் கடிதம் கொடுத்தால் போதுமானது. கல்லூரிக்கு வண்டிச் செலவுகூட அதிகம் ஆகாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும், ஒரு பயிற்சி மாணவி வந்து அம்மாவின் காலைப் பார்க்கட்டுமா என்று கேட்டால், தொலைபேசியிலேயே மறுத்துவிடாமல் இருக்க வேண்டும்.

பேத்தி பெண்கள் மருத்துவ வார்டை முதலாவதாகவும் ஐ.சி.யூ.வை இரண்டாவதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டாவதை எழுதியது என் சொல்லை மீறித்தான். அதற்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது, கேட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
காரைக்குடி.