கேட்கும் முறையைக் கற்றுத் தந்தவர்களுக்கு: பென்னாகரம் வட்டத்துப் படிப்பகம் ஒன்றின் நன்றி மடல்

நூல்களின் பட்டியலையும் இரவல் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் கோஹா என்னும் நூலக மென்பொருளுக்காகத் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்துவரும் தன்னார்வலர்களுக்கும், அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றை எனக்குத் தமிழில் விளக்கிச் சொன்ன நண்பர்களுக்கும், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூர்ப் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை வணக்கத்துடன் எழுதும் மடல்.

இந்த நன்றியைத் தனித்தனியாக மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் முதன்முதலில் கடுஞ்சொல் எழுதியது பலரும் பார்க்கும் இடத்தில். ஆகவே நன்றியும் பலரும் பார்க்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

எங்கள் படிப்பகம் பெரியதன்று. ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், நாலாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட நூல்கள், பள்ளி விட்டதும் வந்து குவியும் பிள்ளைகள், இவ்வளவே. அப்பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் கட்டட வேலைக்காகப் பெங்களூரிலும் ஓசூரிலும் தங்கியிருக்க, இவர்கள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். இரவல் பேரேட்டைக் கையால் எழுதிச் சமாளிக்க முடியாமல் போனபோது, பெங்களூரில் கணினித் துறையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து, டெபியன் இயங்குதளத்தை நிறுவி, அதில் கோஹாவை ஏற்றிக் கொடுத்தார்கள். விலை என்ன என்று கேட்டேன்; விலை கிடையாது டீச்சர் என்றார்கள். விலை இல்லாத ஒன்றை யார் உட்கார்ந்து பராமரிக்கிறார்கள் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

அதன் பின் வந்த முதல் பொங்கலுக்குப் படிப்பகத்தை ஆறு நாள் பூட்டியிருந்தோம். திறந்த அன்று, நூலைத் திருப்பிய பிள்ளைகள் பெயரில், பூட்டியிருந்த நாள்களுக்கும் சேர்த்துக் கணினி தாமதக் கட்டணம் காட்டியது. ஒரு நூலுக்கு நாளொன்றுக்கு 50 காசுதான். எனினும், மூன்று நூல்களைக் கையில் வைத்திருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் பெயருக்கு எதிரே ஒன்பது ரூபாய் என்று திரையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் படிப்பகத்துக்கு வரவே இல்லை. அன்றிரவு ஒன்பது மணிக்கு, பிழைகளையும் கோரிக்கைகளையும் யாரும் எழுதக்கூடிய இணையப் பக்கமான கோஹாவின் வழுப் பதிவேட்டில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் எழுதியதை இப்போது நினைத்தாலும் மனம் கூசுகிறது. ஏழைப் பிள்ளைகளைத் தண்டிக்கும் இதை எழுதியவர்கள் நூலகத்துக்குள் கால் வைத்தே இருக்கமாட்டார்கள் என்றும், நாளைக்குள் இதைச் சரிசெய்து தர வேண்டும் என்றும் எழுதியதோடு நிற்காமல், சிக்கலின் தீவிரத்தைக் குறிக்கும் கட்டத்தில் ஆக மேலான படியையும் தேர்ந்தெடுத்தேன். மென்பொருளின் ஒரு புதிய பதிப்பு வெளிவருவதையே நிறுத்திவைக்கும் அளவுக்குப் பெரிய கோளாறுகளுக்கு உரிய படி அது. புது வசதி கேட்பதற்கென்று 'மேம்பாடு' என்று தனியே ஒரு படி இருப்பதை நான் பார்க்கவே இல்லை.

கோஹா எங்கிருந்து வந்தது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்னும் பகுதியின் பொது நூலகங்கள் வைத்திருந்த பழைய கணினி அமைப்பு 2000-ஆம் ஆண்டைத் தாண்டி ஓடுமா என்ற கவலை எழுந்தபோது, அந்நூலகங்களுக்காகக் காட்டிப்போ என்னும் சிறு நிறுவனம் 1999-இல் இதை எழுதியது. 2000 சனவரித் தொடக்கத்தில் அது அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இடம் தரும் பொது உரிமத்தின் கீழ் உலகுக்கே கொடுக்கப்பட்டது. சிற்றூர் நூலகங்களின் தேவையிலிருந்து பிறந்த ஒன்றைப் பார்த்து, இதை எழுதியவர்களுக்கு நூலகம் தெரியாது என்று நான் எழுதியிருந்தேன்.

எங்களுக்கு இரவு ஒன்பது மணி என்றால், சனவரி மாதத்தில் நியூசிலாந்தில் மறுநாள் அதிகாலை நாலரை மணி. நான் கெடுவாகக் குறித்த 'நாளை', அங்கே இருப்பவர் கண் விழிப்பதற்குள்ளேயே தொடங்கிவிட்டிருந்தது. ஆனாலும் மறுநாள் நண்பகலுக்குள் ஒருவர் பதில் எழுதியிருந்தார். என் கடுஞ்சொற்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பிள்ளைகள் திரும்பி வருவது முதன்மையானது என்பதால் அந்தக் கட்டணங்களை முதலில் தள்ளுபடி செய்துவிடும்படி கேட்டுக்கொண்டு, அதைச் செய்யும் வழியைப் படிப்படியாக எழுதியிருந்தார். அதன் பிறகு மூன்று கேள்விகள்: எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள், விடுமுறை நாள்களை நாள்காட்டியில் குறித்தீர்களா, கட்டணத்தைக் கணக்கிடும்போது நூலகம் மூடியிருக்கும் நாள்களை விட்டுவிடச் சொல்லும் அமைப்பு இருக்கிறதே, அது உங்களிடம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. நான் கேட்ட வசதி முன்பே உள்ளே இருந்தது. நாங்கள்தான் நாள்காட்டியைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

அந்தப் பையனின் பாட்டியைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். இரண்டு நாளில் அவன் வந்துவிட்டான். அவன் வந்த செய்தியை அந்த அன்பருக்கு எழுதியபோது, என் முதல் பதிவுக்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தார்கள், பெரும்பாலும் தங்கள் நடத்தையாலேயே. அதன்பின் நான் எழுதிய ஒவ்வொரு பதிவிலும் பதிப்பு எண், நான் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய நான்கையும் இந்த வரிசையில் எழுதப் பழகினேன். ஒரே பதிவில் ஐந்து கோரிக்கைகளைச் சேர்த்து எழுதியபோது, அவற்றைப் பிரித்து எழுதச் சொன்னார்கள். ஒன்று முடிந்து நான்கு நிற்கும்போது அந்தப் பதிவை முடிப்பதா திறந்தே வைப்பதா என்று யாருக்கும் தெரியாது என்ற காரணத்தையும் சொன்னார்கள். உதவியவரின் சொந்த மின்னஞ்சலுக்கு நான் மூன்று முறை எழுதியபோது, பொதுவில் கேட்டால் அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு நூலகத்துக்கும் விடை கிடைக்குமே என்று அவர் பணிவோடு திருப்பிவிட்டார். நான் தொல்லை கொடுக்கிறேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தும் அவர் அதைச் சொல்லவில்லை.

ஆனால் நான் மிகுதியும் நன்றி சொல்ல வேண்டியது, எனக்கு மறுக்கப்பட்ட ஒரு கோரிக்கைக்காக.

அருகிலுள்ள பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள், எந்தப் பிள்ளை எந்தெந்த நூலைப் படிக்கிறது என்ற பட்டியல் மாதந்தோறும் தங்களுக்குத் தானாக வந்தால் ஊக்கப்படுத்த வசதியாக இருக்கும் என்றார்கள். நல்ல எண்ணம்தான், எனக்கும் அதில் பிழை தெரியவில்லை. இம்முறை ஒழுங்காக, 'மேம்பாடு' என்ற படியில், காரணத்தோடு எழுதினேன். வந்த முதல் பதில், அந்தப் பட்டியலை வைத்து ஆசிரியர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி. எதைச் செய்து தர வேண்டும் என்று மட்டும் நான் எழுதியிருந்தேன். எதற்காக என்பதை எழுதவில்லை. எதற்காக என்று தெரிந்தால் அதற்கு வேறு எளிய வழி இருக்கலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். பிறகு, ஒருவர் படிக்கும் நூல்களின் பட்டியல் அவருக்கே உரியது என்பதால் இப்படியொரு வசதியைத் தாம் ஆதரிக்க இயலாது என்றும், வாசகர் தம் இரவல் வரலாறு எவ்வளவு காலம் பேணப்பட வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க இடம் தரும் அமைப்பு கோஹாவில் உள்ளது என்றும், அதற்கு நேர்மாறான ஒன்றைச் சேர்த்தால் எல்லா நாட்டு நூலகங்களின் வாசகர்களையும் அது பாதிக்கும் என்றும் ஒருவர் நீளமாக எழுதினார். அவர் மறுப்போடு நிறுத்தவில்லை. பெயர்கள் இல்லாமல், வகுப்புவாரியாக எத்தனை நூல்கள் இரவல் போயின என்ற அறிக்கையைக் கோஹாவின் அறிக்கைப் பகுதியிலேயே எடுக்கலாம் என்று சொல்லி, அந்த விவரத்தைக் கணினியிடம் கேட்டுப் பெறும் கட்டளையான வினவலையும் எழுதி அனுப்பினார்.

எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. எங்கோ இருப்பவருக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். சில நாள் கழித்துப் பழைய இரவல் பேரேட்டைப் புரட்டியபோது, பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் சிறு நூலை இருமுறை எடுத்துச் சென்றிருப்பது கண்ணில் பட்டது. அவள் ஏன் எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை; கேட்கவும் மாட்டேன். ஆனால் நான் கேட்ட வசதி கிடைத்திருந்தால், அந்தத் தலைப்பு அவள் பெயரோடு ஆசிரியர் மேசைக்குப் போயிருக்கும், அங்கிருந்து எந்த வீட்டுத் திண்ணை வரை போயிருக்குமோ தெரியாது. காரணம் காட்டி 'இல்லை' என்று சொன்ன அந்த அன்பருக்கு, அவர் யாரைக் காத்தார் என்பது இன்று வரை தெரியாது. இந்த மடல் வழியாகவாவது அது அவருக்குப் போய்ச் சேரட்டும்.

எல்லாப் பதில்களும் இப்படி இருந்தன என்று சொன்னால் அது உண்மையாகாது. ஒரு கோரிக்கைக்கு, வேண்டுமென்றால் நீங்களே நிரல் எழுதி அனுப்புங்கள் என்று ஒரே வரியில் ஒருவர் பதில் எழுதினார். அறுபது வயதைத் தாண்டிய தமிழாசிரியைக்கு அது கதவைச் சாத்தும் ஓசையாகவே கேட்டது. அந்த வரிக்குக் கீழே இன்னொரு தன்னார்வலர் வந்து, நிரல் எழுதத் தெரியாதவர் செய்யக்கூடிய வேலைகளும் இதில் உண்டு என்று எழுதி, அவை என்னென்ன என்றும் சொல்லியிருக்காவிட்டால் நான் அன்றோடு விலகியிருப்பேன். தன்னார்வலர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு என்றால் அது இதுதான்: நேரம் இல்லை என்றால் நேரம் இல்லை என்றே எழுதுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது புரியும், அதில் மனக்குறையும் கொள்ளமாட்டோம்.

அந்த இரண்டாம் தன்னார்வலர் சொன்ன வேலைகளில் ஒன்று, பிறர் எழுதிய நிரலைச் சோதித்துப் பார்ப்பது. எங்கள் மற்றொரு கோரிக்கை, நூல்களைத் திருப்பும் பகுதியின் திரையைப் பற்றிய சிறிய ஒன்று. அது நிறைவேறினால், பள்ளிப் பிள்ளைகள் பை பையாக நூல்களைக் கொண்டுவந்து கொட்டும்போது எங்களுக்கு வேலை எளிதாகும். இம்முறை எழுதுமுன் தேடிப் பார்த்தேன். வேறு நாட்டுப் பள்ளி நூலகர் ஒருவர் அதையே முன்பே கேட்டிருந்தார். எனக்கும் வேண்டும் என்று மட்டும் அதன் கீழே எழுதாமல், எங்கள் படிப்பகத்தில் மாலை நாலரை மணிக்கு என்ன நடக்கிறது, எந்த இடத்தில் கை நிற்கிறது என்பதை விவரித்தேன். அதற்கான திருத்த நிரலை ஒருவர் ஏற்கெனவே எழுதிவைத்து, சோதிக்க ஆள் இல்லாமல் அது காத்துக் கிடந்தது தெரியவந்தது. கோஹாவில் ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் சோதித்து ஒப்பமிட வேண்டும். பிறகு தரம் பார்க்கும் குழுவில் மூன்றாமவர் ஒருவர் பார்க்க வேண்டும். அதன் பிறகே அது மூல நிரலில் சேரும். சோதிப்பவருக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இணையத்திலேயே தாற்காலிகமான ஒரு கோஹாவைத் திறந்து, எழுதியவர் கொடுத்திருக்கும் சோதனைப் படிகளை வரிசையாகச் செய்து பார்க்கலாம். எங்கள் ஊர்க் கல்லூரி மாணவி ஒருத்தியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அதைச் செய்தோம். எட்டாவது படியில் ஒன்று சரியாக வரவில்லை, எழுதினோம். எழுதியவர் நன்றி சொல்லித் திருத்தி அனுப்பினார். மீண்டும் சோதித்து ஒப்பமிட்டோம். தன் பெயர் அந்தப் பதிவில் ஏறியதை அந்த மாணவி அவள் அப்பாவுக்குக் கைபேசியில் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

மற்றொரு வேலை, கோஹாவின் திரைகளில் வரும் சொற்களைத் தமிழில் மொழிபெயர்ப்பது. இதில் எனக்குக் கொஞ்சம் துணிவு இருந்தது, அங்கேயும் தவறினேன். பிறர் கையில் இருக்கும் நூலைத் தமக்கு ஒதுக்கிவைக்கக் கேட்பதைக் குறிக்கும் 'ஹோல்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் பார்த்து 'பிடி' என்று எழுதிவிட்டேன். சென்னையிலிருந்து எழுதும் நண்பர் ஒருவர், நூலகத்தில் மக்கள் சொல்வது 'முன்பதிவு' என்பதை நினைவூட்டினார். நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவளை அவர் திருத்திய விதத்தில் மரியாதை குறையவில்லை.

கோஹா என்பது நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய சொல். விருந்தினராகச் செல்பவர் கொண்டுபோய்க் கொடுக்கும் கொடையை அது குறிக்கிறது. கொடுத்தவருக்கு ஒரு நாள் திரும்பச் செய்யும் உறவும் அச்சொல்லுக்குள் அடங்கும் என்கிறார்கள். அதைக் கேட்டவுடன் எனக்கு எங்கள் பக்கத்துத் திருமண மண்டப வாசலில் மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வந்தார். அவருடைய நோட்டில் எழுதியது எழுதியபடி திரும்ப வேண்டும். நாங்கள் உங்களுக்குத் திருப்பித் தரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில நூறு சொற்களின் மொழிபெயர்ப்பும் நீங்கள் தந்ததற்கு ஈடாகா என்பதை அறிவோம். நீங்கள் நோட்டும் வைத்திருக்கவில்லை.

முதல் பதிலை எழுதியவருக்கும், மறுத்தவருக்கும், சாத்திய கதவைத் திறந்தவருக்கும், திருத்த நிரலை எழுதிக் காத்திருந்தவருக்கும், அதைத் தரம் பார்த்தவருக்கும், என் சொல்லைத் திருத்தியவருக்கும், கணினியைத் தோளில் சுமந்து வந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவருக்கும் படிப்பகத்தின் சார்பில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். வரும் மே மாத விடுமுறையில் கல்லூரி மாணவிகள் நால்வர் மொழிபெயர்ப்பில் விடுபட்ட பக்கங்களை எடுத்துக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதில் பிழை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். உங்களில் யாரேனும் தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் அருவிக்குப் போவதானால் பென்னாகரம் வழியாகத்தான் போக வேண்டும். மாலை நாலரை மணிக்குப் பிறகு படிப்பகம் திறந்திருக்கும். ஞாயிறன்றும் பொங்கலுக்கு ஆறு நாளும் மூடியிருக்கும், நாள்காட்டியில் குறித்துவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
படிப்பகப் பொறுப்பாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்