அந்தாக்யா கடைக்காரருக்கு நன்றி

துருக்கியின் அந்தாக்யா நகரம் செய்தியில் வரும்போதெல்லாம், சூட்டுத் தழும்பேறிய உங்கள் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன, ஐயா. 2009-ல் பணப்பையைத் தொலைத்துவிட்டு அந்தப் பழைய கடைவீதியில் திகைத்து நின்றேன். கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். தட்டில் சேமியா போன்ற மாவிழையைப் பரப்பி, நடுவே உப்பில்லாத பாலாடைக்கட்டி வைத்து, பொன்னிறமானதும் பாகு ஊற்றித் தந்தீர்கள். குனெஃபே! பசியில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, பஸ் நிலையம்வரை கூடவே நடந்துவந்து அதானாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தீர்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17-க்கு வந்த நிலநடுக்கம் துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உங்கள் அந்தாக்யாவின் பழமையான ஹபீபி நெஜார் மசூதியும் இடிந்தது. இதை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. விதிமீறிய கட்டடங்களுக்கு 2018-ல் கட்டணம் வாங்கிக்கொண்டு அரசே மன்னிப்பு வழங்கியதே!

நீங்களும் உங்கள் மகனும் எங்கே இருக்கிறீர்களோ, தெரியவில்லை. அன்று தொண்டை அடைத்துக்கொண்டதால் சொல்லாமல் வந்த நன்றியை இன்று சொல்கிறேன். அந்த டிக்கெட் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஐயா.