சேந்தமங்கலத்து யூதர் வரலாறு: உதவியோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எர்ணாகுளம் மாவட்டம் வடக்குப் பறவூரை அடுத்த சேந்தமங்கலத்தில் வாழ்ந்த யூதர்களைப் பற்றி நான் எழுதிவந்த கட்டுரைத் தொடர் நிறைவுற்றிருக்கிறது. கொச்சி யூதர் என்றாலே கொச்சி நகரின் மட்டாஞ்சேரியோடு பேச்சு நின்றுவிடுவதால், கொச்சி அரசர்களின் பரம்பரை முதலமைச்சர்களான பாலியத்து அச்சன்மாரின் ஆதரவில் பல தலைமுறைகள் தழைத்த இச்சிற்றூர்ச் சமூகத்தைத் தமிழில் அறிந்தோர் மிகச் சிலரே.

அவர்களின் வழிபாட்டிடமான யூதப்பள்ளியைக் காத்துவரும் பணியாளருக்கு முதல் நன்றி. முற்றத்தில் நிற்கும் ‘இஸ்ரவேலின் மகள் சாரா’வின் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டுக்குரியது, இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. தேய்ந்த எழுத்துகள் சாய்வெயிலில்தான் எடுப்பாகத் தெரியும் என்று சொல்லி, மாலையில் என்னை மீண்டும் வரச்செய்தவர் அவர். மாடியிலுள்ள இரண்டாவது மறைநூல் வாசிப்பு மேடையையும், அதன் பின்னே மரத்தடுப்புக்கு அப்பால் பெண்கள் அமர்ந்த இடத்தையும் பொறுமையாகக் காட்டினார். கேரள யூதப்பள்ளிகளுக்கே உரிய அமைப்பு அது. பாழ்பட்டிருந்த கட்டடத்தைச் சீராக்கி அருங்காட்சியகமாக்கிய கேரளத் தொல்லியல் துறைக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

யூதப் பெண்களின் மலையாளப் பாடல்களை வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்ன ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வேன்! திருமணத்திலும் திருநாளிலும் ஆண்கள் கேட்டிருக்கப் பெண்கள் பாடிய அப்பாடல்கள், கையெழுத்து நோட்டுகளில் படியெடுக்கப்பட்டுத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றவை. யூதர்களுக்கு அரசர் அளித்த செப்பேடுகளைவிட இந்த நோட்டுகளே அம்மக்களின் அன்றாட வாழ்வை எனக்கு உணர்த்தின. அவற்றைத் தேடித் தொகுத்த ஸ்கரியா ஸக்கரியா, பார்பரா ஜான்சன் ஆகியோரின் உழைப்பு இல்லையேல், இத்தொடரின் பாதி எழுதப்பட்டிருக்காது.

1950களில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டவர்களை நினைவுகூர்ந்த ஊர்ப் பெரியவர்களுக்கும் நன்றி. யாரும் விரட்டாமல், மறைநூல் சொன்ன மண்ணின் மீதிருந்த வேட்கையால் சென்றவர்கள் என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். அதை நானும் அழுத்தியே எழுதியிருக்கிறேன். இஸ்ரேலின் தெற்கிலுள்ள நெகேவ் பாலைநிலப் பகுதியின் நெவாதிம் குடியிருப்பிலிருந்து, இன்னும் மறவாத மலையாளத்தில் தொலைபேசியில் பேசிய மூதாட்டியரையும் வணங்குகிறேன்.

உடனிருந்து உதவியவர்கள் விரும்பியவாறே அவர்களின் பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை. தொடரின் அச்சுப்படியும், பாடல்களின் தமிழாக்கமும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பப்படும்.

நன்றியுடன்,
கட்டுரையாளர்