இரண்டாவது கோப்பை

சன்ரைஸ், ஃபுளோரிடா
24.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள். சின்னவனுக்குப் பள்ளி லீவு விட்டாயிற்று. எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி ஃபுளோரிடா பாந்தர்ஸ் தொடர்ந்து இரண்டாவது வருஷமும் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்ததிலிருந்து நாள் முழுக்க வீட்டில் அந்தப் பேச்சுதான்.

போன வாரம் போனில், "போன வருஷமே ஜெயிச்ச டீம்தானே, இந்தத் தடவை ஜெயிச்சதுக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூட கபடி அணியை அத்தனை வருஷம் பழக்கிய பி.டி. மாஸ்டர் நீங்கள், சொன்னால் உடனே பிடிபடும்.

இவர்கள் ஆடும் என்.ஹெச்.எல். லீக்கில் 32 அணிகள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஆளுக்கு 82 ஆட்டம். அதில் தேறும் 16 அணிகள் நான்கு சுற்று மோத வேண்டும்; ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஆட்டம் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. எங்கள் ஃபுளோரிடா பாந்தர்ஸ் மூன்று வருஷமாக இறுதிச் சுற்று வரை போயிருக்கிறது. 2023-இல் வேகாஸ் அணியிடம் தோற்றது. 2024-இல் கனடாவின் எட்மன்டன் அணியோடு ஏழாவது ஆட்டம் வரை இழுத்து, 2-1 என்று ஜெயித்தது. இந்த வருஷத்தையும் சேர்த்தால் மூன்று வருஷத்தில் 68 ஆட்டம் கூடுதல். மற்ற அணிகள் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்த நாட்களில் இவர்கள் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு, சாம்பியனைத் தோற்கடிக்க வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு அணியும் தன் முழு பலத்தோடு வரும்.

சீசன் தொடங்கி இரண்டாவது ஆட்டத்திலேயே கேப்டன் பார்கோவுக்குக் காலில் அடி. நவம்பரில் பின்லாந்தில் நடந்த இரண்டு ஆட்டங்களுக்குத்தான் திரும்பினார். அது அவர் பிறந்த ஊர், டாம்பெரே. இரண்டையும் ஜெயித்தார்கள். பிப்ரவரியில் எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் மாத்யூ கச்சக் நாடுகளுக்கு இடையிலான போட்டியில் அமெரிக்காவுக்காக ஆடப் போய்க் காயத்தோடு வந்தார். தொடைத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்திருந்தது என்று எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார். அந்த உடம்போடுதான் முதல் சுற்றுக்கு இறங்கி, முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டார்! மார்ச்சில் தடுப்பாட்டக்காரர் எக்ப்ளாடுக்குத் தடை செய்யப்பட்ட மருந்துக்காக 20 ஆட்டத் தடை. கடைசியில் 98 புள்ளிகளோடு தங்கள் பிரிவில் மூன்றாவது இடம்தான்.

அந்த மார்ச்சிலேயே பிராட் மார்ஷாண்ட் வந்து சேர்ந்தார். அதுவரை பாஸ்டன் அணியின் கேப்டன், 37-ஐத் தொடும் வயது. இரண்டு வருஷம் தொடர்ந்து அவருடைய அணியை வெளியேற்றியதே பாந்தர்ஸ்தான். இங்குள்ள ரசிகர்கள் அவர் பெயரைக் கேட்டாலே கத்துவார்கள். அந்த மனிதரைத்தான் இப்போது ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

இரண்டாவது சுற்றில் டொராண்டோ அணியோடு நடந்த மே 9 ஆட்டத்துக்கு, கூட வேலை பார்க்கும் ஒருவர் தயவில் எங்களுக்கு டிக்கெட் கிடைத்தது. வெளியே தூத்துக்குடி மாதிரி புழுக்கம். உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. டொராண்டோ ஏற்கெனவே இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தது, அன்றைக்கும் 3-1 என்று முன்னால் நின்றது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனால் எங்கள் ஆட்கள் பதறவே இல்லை, அப்பா. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு வேலியைத் தாண்டி வந்து உட்கார்வார்கள், அடுத்தவர்கள் குதித்து இறங்குவார்கள். அந்த மூச்சுக் கணக்கு தப்பவே இல்லை. 4-4 ஆகி, கூடுதல் நேரத்தில் மார்ஷாண்ட் அடித்த பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) எதிராளியின் மட்டையில் பட்டு வலைக்குள் போனது. அரங்கமே அதிர்ந்தது. உடனே பிளாஸ்டிக் எலிகள் மழையாகக் கொட்டின. 1995-இல் ஸ்காட் மெல்லன்பி உடை மாற்றும் அறைக்குள் ஓடிய எலியை மட்டையால் அடித்துக் கொன்றுவிட்டு, அன்றைக்கே இரண்டு கோல் போட்டார். அன்றிலிருந்து வந்த வழக்கம். சின்னவன் தன் எலியைப் பலம் கொண்ட மட்டும் வீசினான். அந்தச் சுற்றை ஏழாவது ஆட்டத்தில், டொராண்டோவிலேயே, 6-1 என்று முடித்தார்கள். என் மனதில் இந்த வருஷத்துக் கோப்பை அங்கேதான் கைக்கு வந்தது.

இறுதிச் சுற்றில் மறுபடியும் எட்மன்டன். முதல் இரண்டு ஆட்டமும் கூடுதல் நேரத்துக்குப் போய் ஆளுக்கொன்று ஆனது. ஜூன் 17 அன்று ஆறாவது ஆட்டம், 5-1. சாம் ரைன்ஹார்ட் மட்டும் நான்கு கோல். நான்கு சுற்றுக்கும் சேர்த்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது சாம் பென்னட்டுக்கு.

நான் எழுத நினைத்தது இதற்கு அப்புறம் நடந்தது. ஸ்டான்லி கோப்பை முதலில் கேப்டன் கைக்குத்தான் வரும், அவர் யாரிடம் கொடுக்கிறாரோ அவருக்கு அது பெரிய மரியாதை. பார்கோவ், தன் கூடவே அடிபட்ட பழைய ஆட்கள் யாருக்கும் அதைத் தரவில்லை. அதுவரை ஒரு கோப்பைகூட ஜெயித்திராத நேட் ஷ்மிட்டைக் கூப்பிட்டுக் கொடுத்தார். முதல் தடவை ஜெயித்தவர்கள் முதலில் தூக்கட்டும் என்று அணிக்குள்ளேயே பேசி வைத்திருந்தார்களாம். போன வருஷக் கோப்பையைவிட இது பெரியது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே வயிறு நிறைந்தவர்கள் புதிதாக வந்தவர்களுக்காகவும் ஓடியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரைச் சாலையில் ஊர்வலம். வெயிலில் கருத்துப்போய் வந்தோம். போட்டோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

இப்போது பெரிய கவலை ஒன்று இருக்கிறது. பென்னட், எக்ப்ளாட், மார்ஷாண்ட் மூன்று பேருக்கும் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்புக்குள் மூவரையும் நிறுத்திக்கொள்ள முடியாது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பென்னட்டைத்தான் வைப்பேன். சின்னவன் மார்ஷாண்டை விடவே கூடாது என்கிறான். நீங்களாக இருந்தால் யாரை வைப்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்