ஒற்றைக் கொம்பன்

வெல்லாவெளி,
ஜூன் 8

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். பேரனும் மருமகனும் சுகமென்று நம்புகிறேன். போன கிழமை வாட்ஸ்அப்பில் அம்மா முக்கால் மணித்தியாலம் கதைத்தாள், அவ்வளவும் அந்த ஹோட்டல் கறியைப் பற்றித்தான். நான் வாயைத் திறந்தபோது பேரன் போனைப் பறித்து, "அம்மப்பா, புலி பார்த்தீங்களா" என்று கேட்டுவிட்டு அப்படியே ஓடிவிட்டான். அதுதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெடியன் படம் பிடித்து அனுப்பித் தருவதாகச் சொன்னான். கையெழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார்.

மூன்று நாள் காடு பார்க்கக் காசு கட்டிவிட்டேன் என்று நீ சொன்ன அன்று நான் சொன்னதற்கு இன்னும் கோபமாக இருப்பாய். காசு கொடுத்து யானை பார்க்க எனக்கென்ன விசரா என்றுதான் கேட்டேன். நம்முடைய பக்கத்தில் யானை சும்மாவே வருகிறது. சுவரை உடைத்து, விதைநெல்லைத் தின்று, வாழையை முறித்துவிட்டுப் போகிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மெல்பேர்னில் இருப்பார்கள், படுவான்கரையில் இல்லை. இதைச் சொன்னதற்கு அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். சரி, கிளம்பினேன்.

தமிழ் தெரிந்த வழிகாட்டி வருவார் என்று அந்தக் கம்பனிக்காரர் உனக்குச் சொன்னார்களாம். வந்த தம்பிக்குத் தெரிந்த தமிழ் வணக்கம் ஒன்றுதான். நல்ல பிள்ளை, அதில் குறையில்லை. எனக்குத் தெரிந்த சிங்களம் நெல் விற்கவும் உழவு மெசின் திருத்தவும் பழகின சிங்களம். அதை வைத்துக்கொண்டு மூன்று நாளை ஓட்டினோம். முதல் நாள் பின்னேரம் அம்பாறை கடந்து இங்கினியாகலைக்குப் போய்ச் சேர்ந்தோம். இரவுச் சாப்பாட்டுக் கறியை நீ முக்கால் மணித்தியாலம் கேட்டாய்தானே, நான் திரும்பவும் சொல்லவில்லை. அம்மா பையிலிருந்து இடிசம்பல் போத்தலை எடுத்ததும் அந்தத் தம்பியும் கையை நீட்டினான்.

அந்த இடத்தைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்லோயா என்று இப்போது எல்லோரும் சொல்கிற ஆற்றுக்கு நம்முடைய ஆட்கள் வைத்த பெயர் பட்டிப்பளை ஆறு. அதை மறித்துக் கட்டினதுதான் சேனாநாயக்க சமுத்திரம், இலங்கையிலேயே பெரிய குளம். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வேளாண்மைக்கெல்லாம் தண்ணீர் அங்கிருந்துதான். குளத்துக்கு நீர் சேர்க்கிற காட்டைக் காப்பாற்றத்தான் 1954இல் அதைச் சுற்றித் தேசிய பூங்கா ஆக்கினார்கள், 25,900 ஹெக்டேயர். இரண்டு வருடம் கழித்து 1956இல் அந்தப் பக்கத்தில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி நீ படித்திருப்பாய். உன் அப்பப்பா அதற்குப் பிறகு சாகும்வரை அந்தத் திசைக்கே போகவில்லை. எனக்கும் இந்த வயதில் இதுதான் முதல் தரம். அணைக்கட்டில் ஏறி நின்றபோது முதலில் வந்தது அப்பப்பாவின் ஞாபகம்தான். அது கிடக்கட்டும்.

விடிய ஆறு மணிக்குப் படகு. ஃபைபர் படகு, பின்னால் என்ஜின், எல்லோருக்கும் செம்மஞ்சள் அங்கி. மண்டூர்ப் பாதையில் மோட்டார்சைக்கிளோடு எத்தனை தரம் வாவி கடந்தவன், எனக்கு எதற்கு அங்கி என்று கேட்டேன். படகோட்டி சிரித்துக்கொண்டே வாரை இழுத்துக் கட்டிவிட்டார். கொஞ்சத் தூரம் போனதும் கரை தெரியவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து பட்ட மரங்கள் நிற்கின்றன. அணை கட்டினபோது மூழ்கின காட்டு மரங்களாம், எழுபது வருடத்துக்கு மேலாகியும் விழவில்லை. ஒவ்வொன்றிலும் நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு இருக்கிறது. அந்தக் காட்டில் ஒருகாலம் வேடர் வேட்டையாடித் திரிந்தார்கள், இப்போதும் பூங்காவின் ஓரத்தில் ரத்துகலையில் அவர்களின் ஊர் இருக்கிறது என்று தம்பி சொன்னான். பிறகு ஒரு சின்னத் தீவு. தீவு நிறையப் பறவை. எச்சத்தில் பாறையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அங்கிருந்து திரும்பும்போது படகோட்டி என்ஜினை நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் காட்டினார். நான் பார்த்தேன், தண்ணீரில் மரக்குற்றி மிதக்கிறது என்று நினைத்தேன். நாலைந்து குற்றி. ஒரு குற்றி மூச்சு விட்டது.

யானைதான் மகள். ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு நீந்திப் போகிறது. தலையின் மேடு இரண்டும், அதற்கு முன்னால் மேலே தூக்கின தும்பிக்கை நுனியும், வேறொன்றும் தெரியவில்லை. சில நேரம் தலையும் தாழ்ந்துவிடும், அப்போது அந்த நுனி மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு குட்டி. பெரியதுகள் இரண்டு பக்கமும் அதை அணைத்துக்கொண்டு வந்தன. நாங்கள் தூரத்தில்தான் நின்றோம், ஆனால் காலை நேரம், காற்றும் இல்லை, அதுகள் மூச்சு விடுகிற சத்தம் பக்கத்தில் ஆள் படுத்திருப்பதுபோலக் கேட்டது.

கரை ஏறின இடம் களிமண். குட்டி ஏறப் பார்த்து வழுக்கியது, திரும்பவும் வழுக்கியது. தாய் அவசரப்படவில்லை. இறங்கிப் போய் அதன் பின்பக்கத்தில் தும்பிக்கையைக் கொடுத்து ஒரு தள்ளு, அவ்வளவுதான். நனைந்த உடம்பு தார்போலக் கறுப்பு. காது ஓரத்தில் ரோசா நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்ததுகூடத் தெரிந்தது. வெயில் பட்டபோது கடைசியாக ஏறினதின் தொடையில் ஐந்தாறு வட்டமான தழும்பு பார்த்தேன், ஐந்து சதக் குற்றி அளவில். அது என்ன காயமென்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும். நாம் சுட்டதாக இருக்காது. ஆனால் நம்மைப் போல ஒரு வயல் வட்டைக்காரன்தான் சுட்டிருப்பான்.

இனி உனக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் வட்டைக் காவலுக்குப் போய் விடிய வருவேன். வாசலிலேயே நின்று கேட்பாய், "அப்பா, ஆனை வந்ததா? பெரிசா?" என்று. நான் ஒற்றைக் கொம்பன் கதை சொல்வேன். கொம்பு ஒன்று முறிந்தவன், பரணுக்குக் கீழே வந்து நின்று என்னை நிமிர்ந்து பார்த்தவன், நான் "போடா தம்பி, இது பிள்ளையின் பள்ளிக்கூடக் காசு" என்றதும் திரும்பிப் போனவன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, ரீச்சர் என்னை ஒருநாள் வழியில் மறித்துக் கேட்டா.

அப்படி ஒருத்தன் இல்லை மகள். நான் யானையை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அது யானை விரட்டுகிற வெடி கிடைக்காத காலம், டோர்ச்சுக்கு பற்றரியும் இல்லை. எங்களிடம் இருந்தது தகரமும் தீவட்டியும் தொண்டையும்தான். இருட்டில் கொப்பு முறிகிற சத்தம் கேட்கும். நெற்கதிரைப் பிடுங்கி, காலில் அடித்து மண் உதிர்க்கிற சத்தம் கேட்கும், சளப் சளப் என்று. நாங்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்துவோம். விடிந்தபிறகு போய்ப் பார்த்தால் காலடிக் குழியில் தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த யானை. உன் அப்பப்பா வட்டையில் நின்றால் யானை என்ற சொல்லையே எடுக்கமாட்டார், பெரியவர் என்றுதான் சொல்வார். அந்த இருட்டுப் பயத்தை ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அதனால் ஒரு கொம்பை ஒட்டவைத்தேன். இலங்கையில் ஆண் யானை நூறை எடுத்தால் அதில் பத்துக்குக்கூடக் கொம்பு இருக்காது என்று படகில் அந்தத் தம்பி சொன்னான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாம் நாளின் மிச்சத்தைப் பற்றி அதிகம் இல்லை. சியம்பலாண்டுவை வழியாக லகுகலைக்குப் போனோம். வாய்க்கால் புல்லுக்குள் இரண்டு முதுகு தெரிந்தது. ஆடி, ஆவணியில் குளம் வற்றினால்தான் கூட்டமாக வருமாம். வானின் ஏசி அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. பின்னேரம் பொத்துவில் களப்பு. அது எனக்குப் பிடித்தது. என்ஜின் சத்தமே இல்லை. இரண்டு தோணியைச் சேர்த்து மேலே பலகை அடித்து இருக்கை வைத்திருக்கிறார்கள், மீனவர் ஒருவர் பின்னால் நின்று கம்பை ஊன்றித் தள்ளுகிறார். பொத்துவில் ஆள், அவரோடு வாய் நிறையத் தமிழ் கதைத்தேன். களப்போரச் சதுப்பில் நிற்கிற கண்ணாக்காட்டின் வேர்களுக்குள் கபரக்கொய்யா ஒன்று, அந்தப் பெரிய நீர் உடும்புதான், நாக்கை நீட்டி நீட்டிப் போனது. சுனாமிக்குப் பிறகு தாங்கள் நட்ட கண்ணா என்று ஒரு பக்கத்தைக் காட்டினார், இப்போது ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. இறால் என்ன விலை போகிறதென்று கேட்டதில் ஒரு முதலையைத் தவறவிட்டேன். அம்மா அதை மட்டும் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

மூன்றாம் நாள் அம்மாவின் நாள். குமணைப் பூங்காவுக்குப் போகிற வாசல் உகந்தை முருகன் கோயிலடியில்தான் இருக்கிறது. ஜீப்காரர் நேரம் போகுது என்றார். அம்மா கேட்கவில்லை, இறங்கிப் போய்க் கும்பிட்டு, திருநீறு கொண்டுவந்து அவருடைய நெற்றிக்கும் ஜீப்புக்கும் பூசிவிட்டுத்தான் ஏறினாள். உள்ளே போனால் ஜீப்பை விட்டுக் கால் கீழே வைக்கக் கூடாது. சத்தமும் கூடாது. அம்மாவுக்கு அது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. "இந்தக் காட்டால செருப்பில்லாம நடந்தவ நான்" என்றாள். உண்மைதானே. உன் விசாவுக்கு நேர்ந்து 2012இல் உகந்தையிலிருந்து கதிர்காமம் வரைக்கும் நடந்தாளே, தலையில் அரிசி மூட்டையோடு. "இந்தா, இந்த மரத்துக்குக் கீழதான் கஞ்சி காய்ச்சின. மறுகா குமுக்கன் ஆத்தில குளிச்சம். அங்கால நாவலடி, வியாழை" என்று அவள் கைகாட்ட, நான் சிங்களத்தில் சொல்ல, வழிகாட்டித் தம்பி எழுதிக்கொண்டான். காசு வாங்கினவன் அவன், வழி காட்டினவள் அம்மா.

1985இல் மூடின பூங்கா, சண்டை ஓய்ந்து 2003இல்தான் திரும்பத் திறந்ததாம். குமணை வில்லு என்பது கடலோரத்தில் கண்ணா சூழ்ந்த ஒரு பெரிய நீர்நிலை, குமுக்கன் ஆற்றுத் தண்ணீர் ஒரு சின்ன ஓடையால் வந்து நிறைகிறது. நாங்கள் போனது கூடு கட்டுகிற காலம். மரத்துக்கு மரம் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், குஞ்சுகள் கத்துகிற சத்தத்தில் காது அடைத்துவிட்டது. அம்மா எண்ணத் தொடங்கி நூற்றிச் சொச்சத்தில் விட்டுவிட்டாள். பேரனுக்குச் சொல்லு, புலி பார்க்கவில்லை. மணலில் சிறுத்தைப்புலியின் அடி பார்த்தோம், என் உள்ளங்கை அளவு. படம் அனுப்பியிருக்கிறேன், பக்கத்தில் தெரிகிற செருப்பு ஜீப்காரருடையது. இறங்கக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர் தான் மட்டும் இறங்கினார்.

அம்மாவின் கால் வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிட்டது. நீ யோசிக்காதே.

முந்தாநாள் இரவு நம்முடைய வட்டைக்குப் பெரியவர்கள் வந்தார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரம், வாசம் போய்விடும். இப்போது எல்லோரிடமும் நல்ல டோர்ச்சும் யானை வெடியும் இருக்கிறது. வரம்பில் ஒன்று நின்றது, நான் வெளிச்சத்தை அதன் தொடையில் அடித்துப் பார்த்தேன். பக்கத்து வயல்காரன், "என்னகா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, கொளுத்துங்க" என்று கத்தினான். கொளுத்தினேன். திரும்பிப் போய்விட்டது, அதற்குள் அரை ஏக்கர் போய்விட்டது. பொய் சொல்லவில்லை, இன்னொரு தரம் வந்தாலும் கொளுத்தத்தான் வேண்டும்.

ஒற்றைக் கொம்பன் கதையைப் பேரனுக்கும் சொல்லிவைத்திருக்கிறாய் போல. வாட்ஸ்அப்பில் "எந்தக் கொம்பு முறிஞ்சது அம்மப்பா" என்று ஒருநாள் கேட்டவன், நான் யோசிப்பதற்குள் லைன் வெட்டிவிட்டது. இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டாதே. வலது கொம்பு என்று சொல்லு. உனக்கு அப்படித்தான் சொன்னதாக ஞாபகம்.

அன்புடன்,
அப்பா