திருப்பூர் கல்வி அதிகாரிங்களுக்கு, செக்கிங் டேபிள்ல இருந்து ஒரு மடல்

வணக்கமுங்க. நான் பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறவ, பையன் படிக்கிற கவர்மெண்ட் ஸ்கூல் மேலாண்மைக் குழுலயும் ஒரு ஆளு, அந்த உரிமைல எழுதறேன்.

எங்க லைன் வீட்டுல எட்டு ரூமு, அஞ்சுல பீகார், ஒடிசாக்காரங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காலைல எட்டரைக்குப் போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாங்க. அதுல ஒரு புள்ளைக்குப் பத்து வயசு, தம்பிய இடுப்புல வெச்சுக்கிட்டு வாசப்படியிலயே உக்காந்திருக்கும். ஜூன்ல நாந்தான் கூட்டிட்டுப் போனேன் (அவங்கம்மா லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போயிருமே), ஒரு ஸ்கூல்ல டிசி கேட்டாங்க, பீகார்ல இருந்து அது எப்ப வர்றது? இன்னொரு ஸ்கூல்ல சேத்துக்கிட்டாங்க, ஆனா தமிழ் தெரியலன்னு ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சுட்டாங்க. மூணு வாரம் போச்சு, அப்பறம் வாசப்படிக்கே வந்துருச்சு.

டிசி வர லேட்டாகுதுன்னு அட்மிசன மறுக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்குதுங்க. வயசுக்கேத்த வகுப்புல சேத்து தனிப் பயிற்சி குடுக்கணும்னு 4ஆம் பிரிவு சொல்லுது. 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிலயும் காலைச் சாப்பாடு போடறீங்க, அத நான் குறை சொல்லவே மாட்டேன், அந்தப் புள்ள மூணு வாரம் போனதே அதுக்குத்தான்.

எங்க வீட்லயும் கன்னடந்தானுங்க, தமிழ் எழுத்து ஸ்கூல்லதான் படிச்சோம். ஆனா எங்களுக்குத் தெருவுல தமிழ், கோயில்ல தமிழ், வெளையாடப் போனாலும் தமிழ். இதுங்களுக்கு லைன் வீட்டுக்குள்ள தமிழே காதுல விழறதில்ல, 'அ' எழுதச் சொன்னா பாத்து வரையுது, அவ்வளவுதான். டீச்சரயும் சொல்லிக் குத்தமில்லீங்க, தண்ணி வேணுமான்னு கேக்கறதுக்கே கையில சாடை காட்டறாங்க.

பெருசா எதுவும் கேக்கல. எங்க லைன்லயே ப்ளஸ் டூ முடிச்ச ஒடிசாப் பொண்ணு ஒண்ணு இருக்குது, மூணு வருசத்துல நல்லாத் தமிழ் பேசுது, ஸ்கூலுக்கு ஒருத்தர இப்படி சம்பளம் போட்டு வெச்சா மொதல்ல பேச்சுத் தமிழ், அப்பறம் எழுத்துன்னு சொல்லிக் குடுப்பாங்க. கணக்கு அதுவரைக்கும் அவங்க பாஷைலயே நடக்கட்டும், இந்தப் புள்ள மளிகைக் கடை பாக்கிச் சில்லறைய என்னைய விட வேகமா எண்ணுது. தம்பிக்கு மட்டும் பக்கத்து அங்கன்வாடில எடம் வேணும், இல்லைன்னா அக்காக்காரி இடுப்ப விட்டு எறங்க மாட்டான்.

திங்கக்கெழம காலைல ஒரு மணி நேரம் பர்மிசன் கேட்டு வெச்சிருக்கேன், எந்த ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வர்றதுன்னு சொல்லுங்க.