விளம்பரத்தோடு கொடுத்தாலும் படிப்பேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸுக்குத் தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பினாங்குப் பாலத்தில் நெரிசல் பிடித்துக்கொண்டால் போக மட்டும் ஒன்றேகால் மணி நேரம். நான் எதையாவது படிப்பதென்றால் அப்போதுதான். மாதக் கடைசியில் பிரீபெய்ட் டேட்டா தீர்ந்துவிடும் என்பதால், வீட்டு வைஃபையில் இரவே கட்டுரைகளை இறக்கி வைத்துக்கொள்வது வழக்கம். முன்பு அதற்குப் பாக்கெட் என்றொரு செயலி இருந்தது. 2025 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். அப்புறம் வேறொன்றுக்கு மாறினேன்.

போன மாதம் முதல், நான் விரும்பிப் படிக்கும் ஒரு செய்தித் தளம் அந்தச் செயலிக்குள் திறப்பதில்லை. தலைப்பு மட்டும் தெரிகிறது; தொட்டால் 403 என்று ஓர் எண், அதாவது அனுமதி இல்லை. மகனிடம் காட்டினேன். "இந்தச் செயலி உள்ளே போறப்பவே தன் பேரைச் சொல்லும்ப்பா. பேரைப் பாத்து வாசல்லயே நிறுத்திட்டாங்க" என்றான்.

முதலில் கோபம்தான் வந்தது. சரி, நம் பக்கம் என்ன தப்பு என்று செட்டிங்கைத் திறந்து பார்த்தால் வெட்கமாகிவிட்டது. எல்லாப் பகுதிகளையும் மணிக்கு ஒருமுறை இறக்கும்படி நானே வைத்திருக்கிறேன்! படிப்பதோ நாளைக்கு ஆறேழு கட்டுரை. அதிலும் இந்தச் செயலி விளம்பரங்களை உரித்துவிட்டு எழுத்தை மட்டும்தான் காட்டும். விளம்பரம் திரையில் வந்தால்தானே அவர்களுக்குக் காசு?

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. தளங்களுக்குள் தானாகப் போய்ப் பக்கங்களை எடுக்கும் நிரல்களைப் பாட் என்கிறார்கள். எந்தப் பக்கத்தை எடுக்கக் கூடாது என்று பாட்களுக்குச் சொல்ல, தளங்கள் வைக்கும் ரோபாட்ஸ் கோப்பு 1994 முதலே புழக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கட்டுப்படுவதும் படாததும் பாட் வைத்திருப்பவர் விருப்பம். ஏஐக்குக் கற்றுக்கொடுப்பதற்காகத் தளம் தளமாகக் கட்டுரைகளை அள்ளுபவர்களில் சிலர் பேரை மாற்றிக்கொண்டு நுழைந்துவிடுகிறார்கள். உண்மைப் பேரைச் சொன்ன என் செயலி வெளியே நிற்கிறது. "நாமும் குரோம் மாதிரி பேரை மாத்திடலாமா?" என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன்.

என் அப்பா வாங்கிய தமிழ்ப் பத்திரிகையில் நகைக்கடை விளம்பரமும் நினைவஞ்சலியும் பக்கம் பக்கமாக இருக்கும். அவர் அதைப் பார்த்தாரா, தாண்டிப் போனாரா என்று எந்தக் கடைக்காரரும் பின்னால் வந்து எண்ணியதில்லை. தளங்களும் அப்படிச் செய்யலாமே: விளம்பரங்களையும் உள்ளேயே சேர்த்து, நாளுக்கு ஒரு கட்டாக இறக்கிக்கொள்ளக் கொடுக்கட்டும். நகைக்கடையைப் பார்த்துக்கொண்டே படிக்கிறேன். விளம்பரம் வேண்டாதவர்களிடம் சந்தா கேட்கட்டும். மாதம் ஐந்து வெள்ளி என்றால் நானே தருவேன். பத்து என்றால் யோசிப்பேன்.

செயலியை நாளுக்கு ஒருமுறை மட்டும் இறக்கும்படி மாற்றிவிட்டேன். இன்று காலையும் பஸ்ஸில் 403தான்.

இப்படிக்கு,
தொழிற்சாலை ஊழியர்,
பட்டர்வொர்த்